காசி என்று சொல்லி டூவார்ஸ் போனோம்

மகளிடம் காசிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் காட்பாடியில் ரயில் ஏறினோம். அது காசிக்குப் போகிற ரயில் இல்லை. மேற்கு வங்காளத்தின் வடகோடியில், பூடான் மலைகளின் அடிவாரத்தில் டூவார்ஸ் என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. காடு, தேயிலைத் தோட்டம், யானை, காண்டாமிருகம், கூழாங்கல் ஆறுகள். ஊரெல்லாம் அதைச் சுற்றிப் பார்க்கப் போகிறது. நாங்கள் அங்கே ஒரே ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம்.

நான் ஆரணியில் பட்டுப் புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவன். மனைவி பெயர் விமலா. ஒரே மகள் பவித்ரா சென்னையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஆடி மாதம் ஊருக்கு வந்தவள், தன்னோடு வேலை செய்கிற பிசியோதெரபிஸ்ட் பிகாஷைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையன் டூவார்ஸ்காரன். ஆதிவாசிக் குடும்பம். அப்பா இல்லை. அம்மா ஒரு எஸ்டேட்டில் தேயிலை பறிக்கிறார்; எஸ்டேட் பெயரையும் அம்மா பெயரையும் அவளே சொன்னாள்.

விமலா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அடுத்த தெருவிலிருந்து என் அண்ணன் வந்தார். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, "அந்தப் பையன் ஆரணி எல்லைய மிதிச்சான்னா கால ஒடச்சி அனுப்புவேன். பாத்துக்கினே இரு" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். நான் ஒன்றும் பேசவில்லை. அண்ணனுக்கு எதிரில் நான் பேசியதே கிடையாது.

தீபாவளி கழிந்ததும் விமலாதான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, எத்தினி நாளு இப்டி மூஞ்ச தூக்கி வச்சிகினு இருக்கறது? நேரா போயி அந்த ஊட்ட பாத்துட்டு வந்துரலாம். சரிப்பட்டு வரலன்னா, 'நாங்களே கண்ணால பாத்துட்டோம்மா, வேணாம்'னு சொல்லிரலாம்."

"பவியாண்ட சொல்லிட்டா?"

"அவளுக்குச் சொன்னா அவன் முன்னாடியே போன் பண்ணி ஊட்டுக்கு வெள்ளை அடிச்சி வச்சிடுவான். காசின்னு சொல்லுங்க."

எங்களை யார் என்று கேட்டால் என்ன சொல்வது? அதையும் விமலாவே முடிவு செய்தாள். பிகாஷ் எனக்கு முழங்கால் வைத்தியம் பார்த்தார்; சுற்றுலா வந்த இடத்தில் அவருடைய அம்மாவைப் பார்த்து நன்றி சொல்ல வந்தோம்.  ரயிலில் இரண்டு ராத்திரியும் புரண்டு புரண்டு படுத்தேன்.

முதல் நாள் காலையில் நியூ ஜல்பாய்குரியில் இறங்கி, மலையடிவாரத்தை ஒட்டிப் போகிற வேறொரு ரயிலுக்கு மாறினோம். தீஸ்தா ஆறு பாலத்துக்குக் கீழே பச்சை நிறத்தில் ஓடியது. எங்கள் கமண்டல நாகநதியில் தண்ணீர் வந்தால் ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்க்கிறவர்கள் நாங்கள். விமலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் பார்த்தாள்.

அப்புறம் காடு வந்தது. நடுக்காட்டில் ரயில் நின்றது. பத்து நிமிடம், இருபது நிமிடம். எனக்கு வியர்த்தது. எதிர் சீட்டில் ஒரு வங்காளி அம்மாள் மடியில் பொரியைக் கொட்டி, பச்சை மிளகாய் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். ஆற்காட்டுப் பக்கத்து ஊர்க்காரன் நான். எதிர்வீட்டு உருதுக் குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவன். அந்த உருதுவை வைத்து இந்தியில் ஒப்பேற்றிவிடுவேன்.

"யானை தாண்டுகிறது. இரண்டு குட்டி இருக்கிறதாம். கூட வருகிற பெரியவர்கள் நிதானமாகத்தான் வருவார்கள்" என்றார், ஏதோ கல்யாணக் கூட்டம் ரோட்டைக் கடக்கிற மாதிரி. பொரியையும் நீட்டினார்.

நான் எட்டிப் பார்த்தேன். யானை தெரியவில்லை. மரங்கள் மட்டும் ஆடின. அவ்வளவு மரமும் ஆடுவதற்கு எத்தனை யானை வேண்டும் என்று யோசித்ததும் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். விமலா ஏற்றினாள். நான் மறுபடி இறக்கினேன்.

மூர்த்தி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லாட்ஜில் தங்கினோம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. என் கடிகாரம்தான் ஓடவில்லை என்று முதலில் நினைத்தேன். நாட்டின் கிழக்குக் கோடி அது. நம் ஊரில் மாலை வெயில் அடிக்கும்போதே அங்கே விளக்கு ஏற்றிவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குச் சோறு, மசூர்பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், ஆற்றுமீன் குழம்பு. எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். விமலா ஒரு வாய் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடி டப்பாவைத் திறந்தாள். "இந்த எண்ணெல எம்பொண்ணு தெனம் சமைக்கணுமா?" என்றாள். எனக்கு மீன் பிடித்திருந்தது. அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் தோட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. சுற்றுலா வந்தவர்கள் என்று சொல்லப் போகிறோம், எதையாவது பார்த்திருந்தால்தானே கேட்டால் சொல்ல முடியும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்து, விமலாவைக் காட்டுக்குள் ஜீப்பில் அழைத்துப் போனேன். ஒரு கண்காணிப்புக் கோபுரத்திலிருந்து கீழே சதுப்பைப் பார்த்தோம். விலங்குகளுக்காக உப்புப் போட்ட இடத்தில் மூன்று காட்டெருமைகள் நக்கிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஒரு பாறை நகர்ந்தது. ஜீப்காரர், "கேண்டா, கேண்டா" என்று கிசுகிசுத்தார். காண்டாமிருகம். சேறு காய்ந்த முதுகில் ஒரு வெள்ளைக் கொக்கு நின்றிருந்தது. விமலா கையெடுத்துக் கும்பிட்டாள். எதற்கு என்று கேட்டேன். "எதுக்கோ. அவ்ளோ பெருசா இருக்குது இல்ல" என்றாள்.

திரும்பி ஆற்றங்கரையில் உட்கார்ந்து மோமோ சாப்பிட்டோம். நம் கொழுக்கட்டைக்குள் பூரணத்துக்குப் பதில் முட்டைக்கோஸ் வைத்த மாதிரி. விமலாவுக்கு இதுதான் முதல் முதலாகப் பிடித்தது. ஆறாவது மோமோவில் போன் அடித்தது. பவித்ரா. வீடியோ கால்.

"எடுக்காத" என்றேன். அதற்குள் எடுத்துவிட்டாள்.

"அம்மா! கங்கைல குளிச்சிட்டீங்களா? அப்பா எங்க? கங்கைய காட்டும்மா."

விமலா அசரவில்லை. போனைத் திருப்பி மூர்த்தி ஆற்றைக் காட்டினாள். முழங்கால் அளவுத் தண்ணீர், கரை முழுக்கக் கூழாங்கல், அந்தப் பக்கம் அடர்ந்த காடு.

"என்னாம்மா இது? படித்துறையே காணோம்? ஒரே கல்லா இருக்குது?"

"இது கூட்டம் இல்லாத பக்கம்மா. அப்பாவுக்குத்தான் கூட்டம்னா ஆவாதே."

"பின்னாடி காடு மாரி இருக்குது?"

"சிக்னல் போவுதும்மா" என்று நான் பக்கத்திலிருந்து கத்தினேன். விமலா அணைத்தாள்.  "இனிமே போனு வந்தா நீங்களே பேசுங்க. என்னால முடியல" என்றாள்.

அன்று மாலை லாட்ஜில் வெளியூர்க்காரர்களுக்காக ஆதிவாசி நடனம் வைத்தார்கள். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் எட்டுப் பெண்கள் தோளோடு தோள் கோத்து, மத்தளத்துக்கு முன்னும் பின்னும் அடி எடுத்து வைத்தார்கள். கேட்கக் கேட்கக் கால் தானாகத் தாளம் போட்டது. விமலா என் காதோரம் குனிந்தாள். "பவியும் ஆடணுமா?" நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, மறுநாள் காலை ஷிப்டுக்கு யார் யார் என்று பேசிக்கொண்டே போனார்கள். தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்கள்தான் அவர்களும்.

மூன்றாம் நாள் காலை ஒரு டோட்டோ பிடித்தோம். அங்கே பேட்டரி ரிக்ஷாவுக்கு அதுதான் பெயர். ஓட்டியது மினதி என்கிற நாற்பது வயதுப் பெண். தோட்டத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. பெயர் சொன்னதும் மினதி, "சார்ஜ் போதும், போய்வரலாம்" என்று உறுதி சொன்னாள். போக மட்டுமே போதுமானதாக இருந்தது. அதுவும் முழுதாக இல்லை. நாலாபக்கமும் தேயிலைச் செடி மட்டும் தெரிகிற ஒரு மண்பாதையில் வண்டி நின்றுவிட்டது. "நேரே நடங்கள், லைன் வீடுகள் வரும். நான் தள்ளிக்கொண்டு பேக்டரிக்குப் போய்ச் சார்ஜ் போட்டுவிட்டு வருகிறேன்" என்றாள்.

நடந்தோம். இடுப்பளவுச் செடிகள், மேலே சீவினாற்போல் சமமாக, மலை தொடங்கும் இடம்வரை விரிந்திருந்தன. நடுநடுவே நிழல் மரங்கள். நீலமாக நின்ற மலை பூடான் என்று மினதி சொல்லியிருந்தாள். வேறு நேரமாக இருந்தால் உட்கார்ந்து பார்த்திருப்பேன்.

பக்கத்தில் டமால் என்று வெடித்தது. விமலா என் சட்டையைப் பிடித்தாள். இன்னொரு வெடி. தகரத்தைத் தட்டுகிற சத்தம். செடிகளுக்கு மேல் ஒரு தலை தெரிந்தது, வயதான காவல்காரர்.

"அங்கேயே நில்லுங்கள்! மதியம் பறிக்க இறங்கும் முன்னால் சிறுத்தையை விரட்டுகிறோம். வாய்க்காலில் குட்டி போட்டுக் கிடக்கும்" என்று இந்தியில் கத்தினார்.

"என்னா சொல்றாரு?"

"தீபாவளி வெடி மிச்சம் இருந்துச்சாம். வெடிக்கறாங்களாம்" என்றேன். விமலா என்னைப் பார்த்த பார்வையில் நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் கேட்கவில்லை, நடையை மட்டும் ஜல்தியாக்கினாள்.

லைன் என்பது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். பிகாஷின் அம்மா புல்மணி வீட்டைக் கேட்டதும் ஒரு பெண் கூடவே வந்து காட்டினாள். தகரக்கூரை போட்ட இரண்டு அறை வீடு. வாசலில் செம்பருத்தியும் பாக்குமரமும். மெழுகிய தரை. ஒரு பக்கச் சுவர் மட்டும் புதுசாக இருந்தது. புல்மணி மதியச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான, நிமிர்ந்த உடம்பு. விரல் நுனிகள் கறுத்திருந்தன.

நான் மனப்பாடம் செய்து வைத்ததை ஒப்பித்தேன். சென்னை, முழங்கால், உங்கள் மகன், நன்றி.

அவர் முகம் மலர்ந்ததை நான் எப்படிச் சொல்வது? என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என் பிள்ளை கை பட்டு நடக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டே, மதிய வேலைக்கு வரமுடியாது என்று மேஸ்திரி சர்தாரிடம் சொல்லச் சொல்லி, வழிகாட்டிய பெண்ணை அனுப்பினார். நான் நொண்டிக் காட்டியபடி போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"வலது காலுன்னு சொன்னீங்க, எடது காலத் தாங்கித் தாங்கி நடக்கறீங்க" என்று விமலா பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்.

விமலா கையோடு கொண்டுவந்திருந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையை நன்றிக்கு என்று கொடுத்தோம். புல்மணி அதை மடியில் விரித்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். "இதைக் கட்டிக்கொண்டு நான் எங்கே போவது? பிகாஷ் கல்யாணத்துக்குத்தான் கட்டவேண்டும்" என்றார். விமலாவுக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

சோறு, பருப்பு, சுருண்ட பெரணிக் கீரையில் ஒரு பொரியல், வாத்து முட்டைக் குழம்பு. இன்னொன்று வைத்தார்: கொழுந்துத் தேயிலையை வெங்காயம், மிளகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு, கடுகெண்ணெயோடு பிசைந்தது. தேயிலையைத் தின்னலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். கசப்பும் காரமுமாக நன்றாக இருந்தது. விமலா பொடி டப்பாவை எடுக்கவில்லை. இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

சாயங்காலம் பேக்டரிப் பக்கம் போனால் சிக்னல் கிடைக்கும், பிகாஷுக்கு வீடியோவில் உங்களைக் காட்டுகிறேன் என்றார் புல்மணி.  சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று விமலாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அப்போது பால் இல்லாத, உப்புப் போட்ட தேநீரை என் கையில் கொடுத்துவிட்டு, புல்மணி தரையில் உட்கார்ந்தார்.

"அண்ணா, நீங்கள் அந்தப் பக்கத்து ஆள். ஒன்று கேட்க வேண்டும். என் பிள்ளைக்கு அங்கே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. நர்ஸ். போனில் முகம் காட்டி என்னோடு பேசுவாள். என் பாஷை இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு 'சாப்பிட்டாயா அம்மா' என்று கேட்பாள். நல்ல பெண். ஆனால் எனக்குத்தான் தூக்கம் இல்லை. தெற்கே வேலைக்குப் போய்வருகிற எங்கள் லைன் ஆட்கள் சொல்கிறார்கள், அங்கே வேறு சாதிப் பையன் பெண்ணைக் கட்டினால் வெட்டிவிடுவார்களாமே? நிஜமா?"

நான் டம்ளரைப் பார்த்தேன்.

"ஆரணி என்று ஊராம். பட்டு நெய்கிற ஜனமாம். என் பிள்ளைக்கு அங்கே யாரும் இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா எப்படிப்பட்டவர் என்று உங்களால் விசாரித்துச் சொல்ல முடியுமா?"

"என்னா கேக்கறாங்க?" என்றாள் விமலா.

"நம்ம ஊர்ல மழையெல்லாம் எப்டின்னு."

"மழைய கேக்கறவங்களுக்குக் கண்ணு ஏன் கலங்குது? ஒழுங்கா சொல்லுங்க."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல். விமலா புல்மணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆடி மாதத்திலிருந்து நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்: ஜனம் என்ன சொல்லும், பெண் எப்படிப் பிழைப்பாள் என்று. இந்தப் பக்கம் ஒருத்தி எங்களை நினைத்துப் பயந்துகொண்டிருப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரு நிமிடம்கூடத் தோன்றியதில்லை.

"நாங்கதான் அவங்கன்னு சொல்லுங்க."

"விமலா, ஊருக்குப் போயி நிதானமா…"

"சொல்றீங்களா, நானே சொல்லட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே போனை எடுத்து, பொங்கலுக்கு எங்கள் வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் புல்மணியிடம் காட்டினாள். நடுவில் பவித்ரா. இரண்டு பக்கமும் நாங்கள்.

புல்மணி வெகுநேரம் படத்தைப் பார்த்தார். கூச்சல் போடவில்லை. "முழங்கால்?" என்று மட்டும் கேட்டார்.

"நன்றாகத்தான் இருக்கிறது."

எழுந்து போய்ப் புடவையைக் கொண்டுவந்தார். பழைய மடிப்பிலேயே மடித்து விமலா பக்கத்தில் வைத்தார்.

"வீட்டைப் பார்க்க வந்தீர்களா? நான் எவ்வளவு ஏழை என்று?"

"ஆமாம்" என்றேன். பூசி மெழுகுவதற்கு எனக்கு அந்த மொழியில் வார்த்தை போதாது.

"சரி. நான் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். என் பிள்ளையை யாராவது அடிப்பார்களா?"

"என் அண்ணன் காலை உடைப்பேன் என்று சொன்னார்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

"இனிமேல்?"

"இனிமேல் சொல்வேன்."

"எதை நம்பி நான் அனுப்புவது? என் வீட்டுச் சோற்றையே பொய் சொல்லித்தானே சாப்பிட்டீர்கள்."

 பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். மணி நாலரை. வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. மினதி இன்னும் வரவில்லை. நடந்தே போய்விடலாம் என்று இருபது அடி வைத்திருப்போம். லைன் கோடியிலிருந்து பெண்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். "ஹாத்தி! ஹாத்தி!" யானை. வயலில் நெல் முற்றிய சமயம். கூட்டம் ஆற்றைத் தாண்டி, நாங்கள் வந்த அதே மண்பாதையில் இறங்கியிருந்தது. செடிகளுக்கு மேல் கறுப்பாக முதுகுகள். எட்டு வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை. விமலா, "ஏங்க, ஏங்க" என்று சொல்லிக்கொண்டே நின்ற இடத்திலேயே நின்றாள். என் காலும் நகரவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை என் பையைப் பிடித்து இழுத்தது. புல்மணி.

"கோபம் வேறு, யானை வேறு. உள்ளே வாங்கள்."

விளக்கை அணைத்துவிட்டு உள்ளறையில் மூன்று பேரும் சுவரோரம் உட்கார்ந்தோம். போன வருடம் அரிசி வாசனைக்கு ஒரு யானை பக்கச் சுவரை இடித்துத் தும்பிக்கையை விட்டதாம். அதனால்தான் அது புதுச் சுவர். இப்போது அரிசியை வீட்டில் வைப்பதில்லை, பயப்படாதீர்கள் என்றார். எங்கள் பையில் பருப்புப் பொடி இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன்.  புல்மணி இருட்டிலேயே அந்த டப்பாவை வாங்கி, ஒரு பானைக்குள் போட்டு மூடி, அதன்மேல் சாக்கைச் சுற்றினார்.

வெளியே வாழைமரம் முறிகிற சத்தம். ஒரு பெருமூச்சு, மனிதருடையது இல்லை, ஜன்னலுக்கு நேரே வெளியில் கேட்டது. விமலா புல்மணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது சமாதானம் இல்லை, வெறும் பயம்தான். புல்மணி கையை உருவிக்கொள்ளவும் இல்லை. தூரத்தில் வனத்துறை வண்டியும் வெடிச் சத்தமும் கேட்டு, கூட்டம் வயல் பக்கம் நகர்ந்தபோது ஏழு மணி இருக்கும். இனி வழியில் போக முடியாது, இங்கேயே படுங்கள் என்றார். எங்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். நான் தூங்கவில்லை. அவரும் தூங்கவில்லை என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது.

நான்காம் நாள் காலை பேக்டரிச் சங்கு ஊதியது. புல்மணி இடுப்பில் தார்ப்பாயைக் கட்டி, தலையில் துணி சுற்றிக் கிளம்பினார். நாங்களும் கூடவே நடந்தோம். பாதை முழுக்கச் சாணம், மிதிபட்ட வாழை. பறிக்கிற இடம் வந்ததும் நின்றார்.

"அண்ணா, நான் சொல்வதை அக்காவுக்கும் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் இன்றைக்கே போன் செய்து உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் என் வீட்டைப் பார்த்துவிட்டீர்கள். நானும் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் அண்ணனைப் பார்க்க வேண்டும். அவர் வாயால் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் செடியை வெட்டிக் கவாத்து பண்ணும்போது பறிப்பு இருக்காது, அப்போது வருகிறேன். அதற்குப் பிறகுதான் என் பதில்."

செடிகளுக்குள் இறங்கினார். இரண்டு கைகளும் கொழுந்துமேல் பறந்தன. திரும்பிப் பார்க்கவில்லை. மினதி வண்டியோடு வந்து, யானைக்குப் பயந்து பேக்டரியிலேயே தங்கிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள்.

திரும்பி வருகிற ரயிலில் பவித்ராவுக்கு நானே போன் செய்தேன். "காசி இல்லம்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "அவங்க வீட்ல பொய் சொல்லி சாப்டீங்களாப்பா?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள். அரைமணி கழித்து ஒரு புது நம்பர். பிகாஷ். அவனோடு நான் பேசுவது அதுதான் முதல் தடவை. சென்னைத் தமிழ் நன்றாகவே பேசினான். "அங்கிள், பவி அழுவுறா. நான் பாத்துக்கறேன். அம்மாவும் கோவமாத்தான் இருக்காங்க." அப்புறம், "யானை வந்துச்சாமே, உங்களுக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றான்.

ஒரிசாவைத் தாண்டும்போது விமலா மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, அவங்க வந்து பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டா?"

பெண்ணைக் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யக் கிளம்பியவர்கள் நாங்கள். "தெரியல" என்றேன்.

ஆரணியில் ஆட்டோவை வீட்டோடு அனுப்பிவிடவில்லை. விமலாவை இறக்கிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"வாடா சேகரு. கங்கா தீர்த்தம் எங்க?"

"காசிக்குப் போவலண்ணா." நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் எழப் போனார். "இருண்ணா, முடிச்சிடறேன்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "அந்தம்மா தை மாசம் வர்றாங்க. உன்னத்தான் மொதல்ல பாக்கணுமாம். அவங்க பையன யாராவது அடிப்பாங்களான்னு கேப்பாங்க. நீதான் பதில் சொல்லணும்."

"கோவத்துல ஆயிரம் சொல்லுவாங்க. அதப் போயி அங்க சொல்லிட்டு வந்துகிறியே!"

"சொல்லிட்டேன். அத வேற யாரும் சொல்லல, நீதான் சொன்ன. நான் பேசாம இருந்தேன். அதையும் சொல்லிட்டேன்."

"எனக்கு இந்தி கிந்தி தெரியாது."

"நீ தமிழ்ல சொல்லு. ஒரு வார்த்த மாத்தாம நான் சொல்றேன்."

அண்ணன் பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார். தலைக்குமேல் மின்விசிறி கடகடத்தது. போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் நின்றேன்.  வாசற்படி வரைக்கும் வந்துவிட்டேன்.

"சேகரு."

திரும்பினேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்தம்மா கவுச்சி சாப்புடுவாங்களா?"

"சாப்புடுவாங்கண்ணா."

"அப்ப ஞாயித்துக்கெழமையா பாத்து வரச்சொல்லு."